டீசல் டிரக் டிராக் ரேஸ்: விதிப்புத்தகம் இருக்கிறது, அதை நடைமுறைப்படுத்துவது யார்?

கேள்வி: கொலம்பஸ்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கொலம்பஸ் நகரில் வசிக்கிறேன். கம்மின்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் இங்கே இருப்பதால், டீசல் எஞ்சினைப் பற்றிய பேச்சு இந்த ஊரில் ஓய்வதே இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் கொண்ட பழைய டாட்ஜ் ராம் பிக்கப்பைப் பெரிய டர்போவும் பெரிய இன்ஜெக்டர்களும் (எரிபொருளைப் பீய்ச்சும் பாகங்கள்) போட்டு மாற்றியமைத்து, நேர்க்கோட்டுத் தடத்தில் குறுகிய தூரத்தை யார் விரைவாகக் கடக்கிறார் என்று போட்டியிடும் டிராக் ரேஸ் ஓட்டிவருகிறார். நான் அவருக்கு உதவியாக ஓடுதளத்துக்குச் செல்வது வழக்கம்.

அண்மையில் நாங்கள் சென்ற ஒரு சிறிய ஓடுதளத்தில் நடந்ததுதான் இந்தக் கேள்விக்குக் காரணம். ஓட்டத்துக்கு முன் வண்டியைப் பார்க்கும் டெக் சோதனையில் ஹெல்மெட்டைக் காட்டச் சொன்னார்கள், பேட்டரியை ஒருமுறை அசைத்துப் பார்த்தார்கள், முன்கண்ணாடியில் வெள்ளை மையால் எண்ணை எழுதி அனுப்பிவிட்டார்கள். அன்று வண்டி கால் மைலை 11.3 நொடியில் கடந்தது. 11.49 நொடி அல்லது அதைவிடக் குறைந்த நேரத்தில் ஓடும் இதுபோன்ற பழைய வண்டிக்கு ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் எஃகுக் குழாய் வளைவு) கட்டாயம் என்று அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதி சொல்கிறது. இவருடைய வண்டியில் ரோல் பார் இல்லை. தொழிற்சாலையில் பொருத்திய சீட் பெல்ட் மட்டுமே இருக்கிறது. நேரச்சீட்டைக் கொடுத்தவர் "நல்ல ஓட்டம்" என்று பாராட்டினாரே தவிர, வேறு எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஓட்டத்துக்கும் வரிசையில் விட்டார்கள்.

பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த விதிகள், மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள டீசல் டிரக்குக்குப் போதுமானவையா? அவற்றைச் செயல்படுத்தும் பொறுப்பு ஓடுதளத்துக்கா, பந்தயத் தொடரை நடத்துபவர்களுக்கா, ஓட்டுநருக்கா? அவர் அடுத்த முறை ஓடுதளத்துக்குப் போகுமுன் நான் எவற்றையெல்லாம் வற்புறுத்த வேண்டும்? அவருடைய மனைவியும் பிள்ளைகளும் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருப்பார்கள் என்பதால், பொதுவான ஆறுதல்களைவிடத் திட்டவட்டமான பதில்களே எனக்கு வேண்டும்.

பதில் 1: பச்சைவிளக்கு

வணக்கம், நண்பரே. நான் ஓகையோவில் இருக்கிறேன். வார இறுதிகளில் ஓர் ஓடுதளத்தின் டெக் சோதனைக் குழுவில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். நீங்கள் விவரித்தது, வருத்தம் தரும் அளவுக்கு எனக்குப் பழக்கப்பட்ட காட்சி.

முதலில் எண்களைத் தெளிவாக்கிவிடலாம். உங்கள் நண்பருடையது போன்ற பழைய வண்டிக்குக் கால் மைலில் 11.49 முதல் 11.00 நொடி வரை ரோல் பார், அத்துடன் குறைந்தது ஐந்து முனைப் பந்தய பெல்ட். 10.99 நொடியைத் தொட்டாலோ, 135 மைல் வேகத்தைத் தாண்டினாலோ ரோல் கேஜ், அதாவது ஓட்டுநரைச் சுற்றி அமையும் முழுக் குழாய்க் கூண்டு. தரைத்தகடும், எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் இடையே உள்ள முன்சுவரும் வெட்டப்படாமல் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால், 10.00 நொடி வரை ரோல் பாரோடு ஓட விலக்கு உண்டு. 9.99 நொடிக்குள் போனால் சட்டகத்துக்குச் சான்றிதழும் ஓட்டுநருக்குப் போட்டி உரிமமும் வேண்டும். டீசல் பந்தயங்கள் பெரும்பாலும் எட்டில் ஒரு பங்கு மைலில் நடப்பதால், அந்த அளவையும் சொல்லிவிடுகிறேன்: 11.49 என்பது அங்கே 7.35 நொடி, 9.99 என்பது 6.39 நொடி. டீசல் தொடர்களில் உள்ள 7.70, 6.70, 5.90 என்ற பிரிவுகளை (அந்த நொடிக்குக் குறையாமல் ஓட வேண்டிய பிரிவுகள்) இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 7.70 பிரிவில் ஓடுபவருக்கு ரோல் பார் தேவையில்லை, 6.70 பிரிவுக்காரருக்கு ரோல் பார் அல்லது கேஜ் வேண்டும், 5.90 பிரிவுக்காரருக்குச் சான்றிதழும் உரிமமும் இல்லாமல் முடியாது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், 7.70 பிரிவில் பதிந்துகொண்டு, உண்மையில் 7.20 ஓடக்கூடிய வண்டியைக் கடைசி நூறு அடியில் பிரேக் பிடித்து ஓட்டுபவர்களிடம்தான். முடிவுக்கோட்டு நேரம் சரியாக இருக்கும். ஆனால் அதற்குச் சற்று முன்பு வரை அந்த வண்டி ரோல் பார் தேவைப்படும் வண்டியாகத்தான் ஓடியிருக்கும். 60 அடி, 330 அடி நேரங்களைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஓடுதளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தால் இதை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

இந்த விதிகள் அரசின் சட்டம் அல்ல. ஓடுதளம் எந்த அமைப்பின் உறுப்பினரோ அந்த அமைப்பின் விதிப்புத்தகத்தை ஏற்றுக்கொள்கிறது. காப்பீடும் அதையொட்டியே அமைகிறது. ஓட்டுநர் டெக் சீட்டில் கையெழுத்திடும்போது, வண்டி விதிப்படி இருக்கிறது என்று அவரே உறுதிமொழி தருகிறார். ஆகவே ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முதல் பொறுப்பு அவருடையது. ஆனால் கோபுரத்தில் இருப்பவரின் கணினித் திரையில் 11.3 என்று தெரிந்த பிறகும் அந்த வண்டியை மறுபடி வரிசையில் விடுவது ஓடுதளத்தின் தவறு. அதைப் பூசிமெழுக நான் விரும்பவில்லை. பல ஓடுதளங்கள் முதல் மீறலுக்கு எச்சரிக்கை தந்து, இரண்டாவது மீறலில் வண்டியை டிரெய்லரில் ஏற்றச் சொல்கின்றன. அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் விதிப்புத்தகம் அலுவலக அலமாரியில் இருந்து என்ன பயன்?

ஒழுங்கான சோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்தால், நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். பெல்ட்டில் தைத்திருக்கும், பந்தயப் பாதுகாப்புத் தரத்தைக் காட்டும் எஸ்.எஃப்.ஐ. சீட்டைத் திருப்பிப் பார்ப்போம். அதில் தயாரித்த மாதமும் ஆண்டும் துளையிட்டுக் குறிக்கப்பட்டிருக்கும்; 16.1 தர பெல்ட் அந்தத் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் செல்லும், பெட்டியிலிருந்து பிரிக்காமல் வைத்திருந்தாலும் கணக்கு அதேதான். ஹெல்மெட்டின் உள் துணியை விலக்கி, ஸ்னெல் என்ற தரச்சான்று முத்திரையைப் படிப்போம். சக்கர நட்டுக்குள் போல்ட் தன் விட்டத்தின் அளவுக்கேனும் நுழைந்திருக்கிறதா என்று பார்ப்போம். தடித்த அலாய் சக்கரம் மாட்டிய டிரக்குகளில் இது அடிக்கடி தவறுகிறது. பிறகு கீழே படுத்து, எஞ்சினின் விசையைச் சக்கர அச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டான டிரைவ் ஷாப்ட்டின் முன் இணைப்பிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் பாதுகாப்பு வளையம் இருக்கிறதா என்று பார்ப்போம். அந்த வளையம் இல்லாமல் முன் இணைப்பு முறிந்தால், ஷாப்ட் தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும், அல்லது தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும். டீசலின் முறுக்குவிசையோடு, நான்கு சக்கரங்களும் பிடித்துக்கொண்டு டர்போ அழுத்தத்தை ஏற்றிப் புறப்படும் டிரக்கில், இந்த ஆபத்து காரைவிடப் பன்மடங்கு அதிகம். நான்கு சக்கர இயக்கம் என்றால் முன் ஷாப்ட்டுக்கும் ஒரு வளையம் போடச் சொல்லுங்கள்.

பிக்கப்பின் பின்தட்டைக் காலி செய்ய மறக்க வேண்டாம். ஜாக், கருவிப்பெட்டி, கயிறு, கழற்றிப் போட்ட இழுவைக் கொக்கி என்று எல்லாவற்றோடும் வரிசையில் வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்புவது எங்கள் அன்றாட வேலை.

பதில் 2: கரும்புகை

எஞ்சின் சோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பெட்ரோல் காருக்கான விதிகள் தேவையானவை, ஆனால் டீசலுக்குப் போதுமானவை அல்ல.

மிகப் பெரிய வேறுபாடு எஞ்சினை நிறுத்தும் முறையில் இருக்கிறது. வேகமான பந்தய வண்டிகளின் பின்புறத்தில் பேட்டரி துண்டிப்பு விசை ஒன்று இருக்கும். விபத்து நடந்தால் மீட்புக் குழுவினர் ஓடிவந்து அதைத் தட்டுவார்கள், தீப்பொறி நின்று பெட்ரோல் எஞ்சின் அணைந்துவிடும். டீசலில் தீப்பொறியே கிடையாது. இன்ஜெக்டர்களை மின்னணு முறையில் இயக்கும் காமன் ரெயில் எஞ்சினில் மின்சாரத்தைத் துண்டித்தால் இன்ஜெக்டர்கள் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் 1994 முதல் 1998 வரை வந்த 12 வால்வு கம்மின்ஸில் இருக்கும் பி7100 டீசல் பம்ப் முழுக்க இயந்திர இயக்கம் கொண்டது. அதன் நிறுத்தும் நெம்புகோலை மின்சாரத்தால் இயக்கும் சொலினாய்டைப் பலர் கழற்றிவிட்டுக் கையால் இழுக்கும் கேபிளைப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த வண்டியில் பின்புற விசையைத் தட்டினால் எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் நண்பரின் டாட்ஜ் எந்த ஆண்டுடையது, சொலினாய்டு இருக்கிறதா, கேபிளா என்பதை முதலில் பாருங்கள்.

இதைவிட மோசமானது, எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடிவிடும் நிலை. டர்போவின் எண்ணெய்க் காப்பு உடைந்தாலோ, பிஸ்டன் பழுதாகிக் கிரேங்க் அறையின் எண்ணெய்ப் புகை உள்ளிழுக்கும் குழாய்க்குள் சென்றாலோ, எஞ்சின் தன் சொந்த எண்ணெயையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு மேலும் மேலும் வேகம் பிடிக்கும். சாவியைத் திருப்பினாலும் டீசலை அடைத்தாலும் பயன் இல்லை. காற்றை அடைத்தால் மட்டுமே நிற்கும். அதற்காகத்தான் கில்லட்டின் என்று அழைக்கும் காற்றடைப்புத் தகட்டைப் பொருத்துகிறார்கள். ஓட்டுநரின் கைக்கு எட்டும் கேபிளை இழுத்தால், தகடு விழுந்து காற்றுவழியை முழுவதுமாக மூடும். அதை சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் உள்ளிழுக்கும் பன்வாய்க்கு (மேனிஃபோல்ட்) எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். டர்போவுக்கு முன்னால் வைத்தால், இடையில் உள்ள ரப்பர் இணைப்பு ஒன்று கழன்றாலும் அந்த வழியே காற்று புகுந்து எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். ஓடுதளத்தில் நிற்கும் உதவியாளர் என்ற வகையில் உங்களுக்கு ஒன்று: கட்டுக்கடங்காமல் ஓடும் எஞ்சினின் டர்போ வாயைக் கையாலோ துணியாலோ அடைக்க ஒருபோதும் முயலாதீர்கள். துணியை அது உறிஞ்சிவிடும், கையும் தப்பாது. தகடு வேலை செய்யவில்லை என்றால் எல்லோரையும் விலக்கிவிட்டுத் தூரமாக நில்லுங்கள்.

இங்கே, பாரம் ஏற்றிய சறுக்கு வண்டியை இழுக்கும் டிரக், டிராக்டர் இழுவைப் போட்டிகளைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். டீசலோடு நீண்ட காலம் பழகியவர்கள் எழுதிய விதிகள் எப்படி இருக்கும் என்பதற்கு அவை சான்று. அங்கே டீசல் எஞ்சினுக்குக் காற்றடைப்புத் தகடு கட்டாயம். இழுக்கப்படும் சறுக்கு வண்டியோடு அதன் கேபிள் இணைக்கப்பட்டிருப்பதால், கொக்கி அறுந்தால் ஓட்டுநர் எதுவும் செய்யாமலேயே எஞ்சின் நின்றுவிடும். டர்போவைச் சுற்றி எஃகுக் கவசம் உண்டு. புகைபோக்கிக் குழாயின் குறுக்கே இரண்டு 3/8 அங்குல போல்ட்டுகளைச் சிலுவைபோல் வைத்திருப்பார்கள். டர்பைன் சக்கரம் வெடித்தால் அதன் துண்டுகள் பார்வையாளர்கள்மேல் பறக்காமல் அவை தடுத்துவிடும். டிராக் ஓடுதளத்தில் வாடிக்கையாகக் கேட்கப்படாத இந்தப் பாகங்களுக்குச் செலவாகும் பணம், ஒரு நல்ல இன்ஜெக்டர் தொகுதியின் விலையில் சிறு பகுதிதான். பானட்டிலோ முன்சக்கர வளைவிலோ ஓட்டை போட்டுக் குட்டைக் குழாய் வைத்திருக்கும் டிரக்குகளில் அந்த இரண்டு போல்ட்டுகள் இல்லாததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

இரண்டாவது, எடை. உங்கள் நண்பரின் டிரக் ஏறத்தாழ 7,000 பவுண்டு இருக்கும். பந்தயக் கார் ஒன்று அதில் பாதி. இரண்டும் 11.3 நொடியில் ஓடினால், முடிவுக்கோட்டில் இரண்டின் வேகமும் ஏறத்தாழ ஒன்றாகவே, அதாவது 118 மைல் அளவில் இருக்கும். ஆனால் டிரக்கின் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரு மடங்கு. விதிப்புத்தகம் 150 மைலுக்கு மேல்தான் பாராசூட் கேட்கிறது. அதற்குக் கீழே நேரத்தையும் வேகத்தையும் பார்க்கிறதே தவிர, எடையைப் பார்ப்பதில்லை. இதோடு டயரையும் சேர்த்துப் பாருங்கள். பிக்கப் டயரின் பக்கச்சுவரில் உள்ள வேகக் குறியீடு க்யூ என்றால் மணிக்கு 99 மைல், ஆர் என்றால் 106 மைல். 118 மைல் வேகத்தில் முடிவுக்கோட்டைக் கடக்கும் வண்டியில் அந்த டயர் இருக்கவே கூடாது. இதற்கு எவருடைய சோதனையும் தேவையில்லை. இன்று மாலையே வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய்ப் படித்துப் பார்க்கலாம்.

டீசல் எளிதில் தீப்பற்றாது என்ற நம்பிக்கையும் ஓரளவுதான் சரி. தொட்டியில் இருக்கும் டீசலைவிட, செந்தணலாகக் காயும் டர்போமேல் பீறிடும் எஞ்சின் எண்ணெய்தான் ஆபத்து. அந்த எஞ்சினில் ஏறத்தாழ 11 லிட்டர் எண்ணெய் இருக்கிறது. அது தரையில் கொட்டினால் அடுத்த தடத்தில் வருபவரின் உயிருக்கும் அது கேடு. கிரேங்க் அறைக் காற்றுப்போக்கிக் குழாயை வெறுமனே கீழே தொங்கவிடாமல் சேகரிப்புக் கலத்தில் முடித்திருக்கிறாரா என்று பாருங்கள்.

பதில் 3: ஆலடியான்

மேலே எழுதிய இருவரின் தொழில்நுட்பத்தையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஓடுதளத்தின் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும். என் உறவினர் குடும்பம் டெக்சாஸில் ஒரு சிறு ஓடுதளத்தைப் பல ஆண்டுகள் நடத்தியது. வெள்ளிக்கிழமை இரவுப் பயிற்சி ஓட்டத்துக்கு நூற்றுக்கணக்கான வண்டிகள் வரும். சோதிக்க இருப்பவர்கள் இரண்டு பேர். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் படுத்துப் பார்த்தால் நள்ளிரவு வரை ஒரு வண்டியும் ஓடாது. எல்லோரையும் கெடுபிடியோடு திருப்பி அனுப்பினால், அந்த இளைஞர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குவதில்லை. பொதுச் சாலையில் ஓட்டுகிறார்கள். அங்கே ஆம்புலன்ஸும் தீயணைப்பாளரும் தடுப்புச் சுவரும் இல்லை. ஓடுதளத்தை மூட வைக்கும் கண்டிப்பைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

என் கருத்தில், எல்லோரையும் ஒரே ஆழத்தில் சோதிக்க வேண்டியதில்லை. 14 நொடியில் ஓடும் குடும்பக் காரைப் பார்க்கும் நேரத்தை எடுத்து, 12 நொடிக்குள் ஓடும் 7,000 பவுண்டு டிரக்குக்குக் கொடுக்கலாம். முன்கண்ணாடியில் எழுதும் எண்ணோடு, அந்த வண்டி எந்த நேரம் வரை ஓட அனுமதி பெற்றது என்பதையும் எழுதிவிட்டால், புறப்பாட்டுக் கோட்டில் நிற்பவருக்கும் கோபுரத்தில் இருப்பவருக்கும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இதற்கு ஆள்பலமோ பணமோ தேவையில்லை, நிர்வாகம் மனம் வைத்தால் போதும்.

பதில் 4: பச்சைவிளக்கு

ஆலடியான் ஐயா சொல்லும் அனுமதி நேரத்தைக் கண்ணாடியில் எழுதும் யோசனையை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். எங்கள் குழுவிலும் முன்வைப்பேன். சாலைக்குப் போய்விடுவார்கள் என்ற வாதத்தை மட்டும் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. ரோல் பார் பொருத்துமளவுக்குச் செலவு செய்ய முடியாதவர் இவ்வளவு பெரிய டர்போவை வாங்கியிருக்க முடியாது. 11.3 ஓடும் டிரக்கின் சொந்தக்காரரிடம், எஞ்சினின் சக்தியைக் குறைத்து 11.6-இல் ஓட்டுங்கள், அல்லது ரோல் பார் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்வது அவரை விரட்டுவதாகாது. நேரில் பொறுமையாக விளக்கிச் சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்கிறார்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைத்துக் கடிந்தால்தான் பகைத்துக்கொண்டு போகிறார்கள்.

கொலம்பஸ்வாசி

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை அவருடைய வண்டியைப் பார்த்தோம். 1997-ஆம் ஆண்டு டாட்ஜ். சொலினாய்டு இல்லை, இழுக்கும் கேபிள்தான். பின் டயர்களில் ஆர் குறியீடு இருக்கிறது. புகைக்குழாயில் போல்ட்டுகள் இல்லை. கேபிளைப் பற்றிய விளக்கத்தைப் படித்ததும் அவரே சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, காற்றடைப்புத் தகட்டை வாங்கிவிடலாம் என்றார். ரோல் பாருக்கு எந்த அளவுக் குழாய் வேண்டும்? அடுத்த ஆண்டு 10 நொடிக்குள், 9 நொடி சொச்சத்தில் போக வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருக்கிறது. அந்த உரிமத்தை எப்படிப் பெறுவது?

பதில் 5: பச்சைவிளக்கு

ரோல் பாருக்கு 1¾ அங்குல விட்டமுள்ள குழாய். சாதாரண எஃகு என்றால் சுவர்த் தடிமன் 0.118 அங்குலம், குரோம்மோலி என்ற உறுதியான கலப்பு எஃகு என்றால் 0.083 அங்குலம். சாதாரண எஃகை மிக் முறையில் வெல்டு செய்யலாம். குரோம்மோலிக்கு டிக் முறை மட்டுமே ஏற்கப்படும். வெல்டு செய்த இடத்தைத் தேய்த்து மழமழப்பாக்கினால் நாங்கள் நிராகரிப்போம், அழகுக்காகக்கூட அதைச் செய்ய விடாதீர்கள். தலை படக்கூடிய இடமெல்லாம் பஞ்சுறை வேண்டும். 9 நொடிக் கனவு உண்மையிலேயே இருக்குமானால், இப்போது ரோல் பாருக்குச் செலவு செய்துவிட்டுப் பிறகு அதை வெட்டி எறிவதைவிட, முதலிலேயே சான்றிதழ் பெறத்தக்க கேஜாகக் கட்டுவது நல்லது. சான்றளிக்க வருபவர் குழாயின் சுவர்த் தடிமனை ஒலியலைக் கருவியால் அளந்து பார்ப்பார் என்பதால், கட்டுபவரிடம் குழாய் வாங்கிய ரசீதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமத்துக்கு மருத்துவப் பரிசோதனைப் படிவமும், ஏற்கெனவே உரிமம் பெற்ற இரண்டு ஓட்டுநர்களின் பார்வையில் படிப்படியாக வேகம் கூட்டும் ஓட்டங்களும் தேவை. அதற்கு முன் கண்ணைக் கட்டிக்கொண்டு இருக்கையில் அமர்ந்து, சொல்லும் கருவியையெல்லாம் தடவித் தேடாமல் தொட்டுக்காட்ட வேண்டும். அவருக்குப் போடப்போகும் காற்றடைப்புக் கேபிளையும், இப்போது இருக்கும் டீசல் நிறுத்தக் கேபிளையும் பெல்ட் இறுக்கிய நிலையில் கை எட்டும் இடத்தில், ஒன்றோடொன்று குழம்பாதபடி வெவ்வேறு வடிவப் பிடிகளோடு வையுங்கள். தகட்டைப் பொருத்தியதும் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை இழுத்து, முழுவதும் மூடி எஞ்சின் அணைகிறதா என்று சோதித்துவிட்டு, படத்தை இங்கே போடுங்கள். ரப்பர் இணைப்புகளின் கவ்விகளையும் பார்த்துச் சொல்கிறேன்.